மன்னி சொல்லித் தந்த ஸ்பானிஷ்

என் மன்னிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. மட்டாஞ்சேரியில் சமூக மடத்துத் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதிதான். அவள் பெயர் ஜெயலக்ஷ்மி. என் அண்ணா வெங்கிடேஸ்வரனின் பெண்டாட்டி, பி.ஏ. படித்தவள். நான் காமாக்ஷி. பம்பாயில் என் புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்து நடு வீட்டில் உட்கார வைத்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியவள். எனக்குப் போக்கிடம் அண்ணா வீடு ஒன்றுதான் இருந்தது.

அண்ணா வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் அடுக்களை. காலைக் காப்பியிலிருந்து ராத்திரி மோர்க்குழம்பு வரை என் கைதான். அண்ணாவுக்குப் பாங்கில் வேலை. மூக்கு நுனியில் கோபம். பாங்கில் யாரிடமும் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவார். காரணமே வேண்டாம், கதவு கிறீச்சிட்டால் அதற்கும் நான்தான். அந்த நேரத்தில் மன்னி கூடத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை எனக்காகப் பரிந்து பேசமாட்டாள். அவளை நான் வெறுத்ததற்கு அது ஒன்றே போதும்.

எண்பத்திநாலாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோசி எங்கள் வீட்டுக்கு வந்தார். பஜார் ரோட்டில் மிளகு, சுக்குக் கோடவுன்களுக்கு நடுவில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி; அதன் மானேஜர். கணவாய் மீனை உறைய வைத்து ஸ்பெயினுக்குக் கப்பலேற்றுகிறவர்கள். அங்கே விகோ என்ற துறைமுகத்தில் எமிலியோ என்றொருவர் சரக்கு எடுக்கிறார், அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராது. கம்பெனி டெலக்ஸ் பாதி நாள் படுத்துவிடும். அப்போது ட்ரங்க் கால் போட்டுத்தான் சேதி சொல்ல வேண்டும். எர்ணாகுளத்தில் வயதான பாதிரியார் ஒருவர் சேதியை ஸ்பானிஷில் எழுதித் தந்துவிடுவார்; காது மந்தம், போனில் பேச முடியாது. அதைப் போனில் வாசிக்க ஒரு குரல் வேண்டும். அர்த்தம் தெரிய வேண்டாம், சொல்கிற விதம் சரியாக இருந்தால் போதும். கோசியே வாசித்துப் பார்த்தாராம். ஸ்பெயின்காரன் கத்தின கத்தலில் காது அடைத்ததுதான் மிச்சம் என்றார்.

"ஜெயம்மா கான்வென்ட்டில படிச்ச ஆளல்லே? அதான் நேரே இங்கே வந்தது," என்றார் மலையாளமும் தமிழுமாக.

மன்னி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "மீன் கம்பெனியா? சிவ சிவா! நாங்க பிராமணாளாக்கும், சார்."

காப்பித் தம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்த நான் வாயைத் திறந்தேன். "நான் வரேன்."

அண்ணா சிரித்தார். மன்னி அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். "இவளா? எஸ்.எஸ்.எல்.சி.யை மலையாளத்துல எழுதித் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணினவள், சார். இவ இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும்."

கோசி சிரிக்கவில்லை. "மாமிக்குப் பாட்டு அறியுமோ?" என்று கேட்டார். மடத்தில் பஜனைக்குப் பாடுவேன், தாளம் போடுவேன் என்றேன். "மதி. இதுல தாளம்தான் எல்லாம்னு பாதிரி அச்சன் சொன்னார். எந்த அசையில தட்டணும்னு தெரிஞ்சா போதும். நோக்காம், பார்ப்போம்." பாதிரியார் இங்கிலீஷில் எழுதிய விதிகளும் கீழே சில ஸ்பானிஷ் வார்த்தைகளும் இருந்த ஒரு தாளைக் கொடுத்தார். வேலை கிடைத்தால், ஃபோர்ட் கொச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஹாஸ்டலில் அறை பிடித்துத் தருவதாகவும் சொன்னார்.

அறை என்றதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. எனக்கென்று ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். யார் கூச்சலும் கேட்காமல் ஒருவேளைச் சோறு. இதற்காக ஸ்பானிஷ் என்ன, சீன பாஷையும் படித்திருப்பேன்.

மன்னி முதலில் கேலி செய்தாள். "எங்காத்து ஆட்டுக்கல் ஸ்பானிஷ் பேசப் போறது, கேட்டேளோ?" என்று எதிர் வீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள். நான் தாளை எண்ணெய் டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டுவதைப் பார்த்தாள். மறுபடி மறுபடி பார்த்தாள். ஒருநாள் பகலில், அண்ணா பாங்குக்குப் போனபின், அவளாகவே கொல்லைப்புறம் வந்து என் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். "குடு, நான் சொல்லித் தரேன். தனியாப் படிச்சா நீ உருப்படமாட்டே."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் தாளில் இருந்த இங்கிலீஷ் எனக்கு மலையாக இருந்தது. வேறு வழியும் இல்லை.

முதலில் வார்த்தையைப் பிரிப்பது. "ஒவ்வொரு அசைக்கும் ஒரு ஸ்வரம், அதான் உயிரெழுத்து, வேணும். ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல ஒத்தை வ்யஞ்ஜனம், மெய்யெழுத்து, வந்தா அது அடுத்த அசைக்குப் போகும். ரெண்டு வந்தா ஆளுக்கொண்ணு," என்றாள். பார்கோ என்றால் கப்பல். பார், கோ என்று பிரியும். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"ஸ்வரத்துல a, e, o மூணும் பலசாலி. i, u ரெண்டும் நோஞ்சான். நோஞ்சான் பலசாலியோட ஒட்டிண்டு ஒரே அசையாயிடும். ரெண்டு பலசாலி பக்கத்துல வந்தா ஒட்டவே ஒட்டாது. தனித்தனியா நிக்கும்." கணவாய்க்கு ஸெப்யா என்று பெயர், ஸெ, ப்யா, இரண்டே அசை. பகலாவோ என்று வேறொரு மீன். அதில் கடைசியில் வருகிற a, o இரண்டும் பலசாலி, ஒன்றோடொன்று சேராது. மன்னி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரே ஆத்துல ரெண்டு பலசாலி இருந்தா அப்படித்தான், காமு."

"இங்கே ஒரு பலசாலிதானே இருக்கா, மன்னி," என்றேன்.

"யாராம்?"

"மாவு அரைக்கறவ."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எழுந்து போகவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். இவ்வளவு சொல்லியும் உட்கார்ந்திருக்கிறாளே, உண்மையாகத்தான் சொல்லித் தருகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிரிக்கிற விதிகளைச் சரியாகவும் சொன்னாள்.

அடுத்தது தட்டு விழுகிற இடம். "நம்ம பாஷையில நீட்டுவோம், குறைப்போம். அவா இடிப்பா. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு இடி," என்றாள். "எழுத்து தலையில கோடு போட்டிருந்தா அங்கேயே இடி, யோசிக்கவே வேண்டாம். கோடு இல்லேன்னா வார்த்தையோட முடிவைப் பாரு. ஸ்வரத்துலேயோ n, s ரெண்டுலேயோ முடிஞ்சா கடைசி அசையில இடி. மத்த எழுத்துல முடிஞ்சா கடைசிக்கு முந்தினதுல."

"நிச்சயமா?"

"பின்னே? இங்கிலீஷ்ல அச்சன் எழுதியிருக்கார், நான் படிக்கறேன். நம்பிக்கை இல்லேன்னா நீயே படிச்சுக்கோ." தாளை என் மடியில் போட்டாள்.

நான் நம்பினேன். அசைக்கு ஒரு விரலை மடக்குவேன், இடி விழுகிற இடத்தில் தொடையில் ஓங்கித் தட்டுவேன். பஜனையில் தாளம் போட்ட கைக்கு இது சுலபமாக வந்தது. டன்னுக்கு அவர்கள் சொல்கிற வார்த்தை தொநெலதாஸ். தொ, நெ, ல, மூன்று விரல். தாஸ் என்று ஒரு அடி. மாவு அரைக்கும்போது, துணி அலசும்போது, கோலம் போடும்போது எல்லாம் இதே வேலை. தொடை கன்றிப்போயிற்று. அண்ணா கூடத்திலிருந்து, "கிறுக்குப் பிடிச்சுடுத்தா இவளுக்கு? நிறுத்து சனியனே!" என்று கத்தினார். நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், கையை மட்டும் நிறுத்தவில்லை. மன்னி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேஷ், நன்னா வந்துடுத்து," என்றாள். பாவி, எவ்வளவு நிதானமாகச் சொன்னாள்!

கோசி சொல்லி அனுப்பிய அன்று மத்தியானம் பஜார் ரோட்டுக்குப் போனேன். மாடியில் ஆபீஸ். கீழே சுக்கு மூட்டைகளை இறக்கும் சத்தம், படியேறினால் ஐஸும் மீனுமாக ஒரு வாடை. மூக்கைப் பொத்திக்கொள்ளக் கை போயிற்று. வெட்கப்பட்டுக் கையை இறக்கினேன். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தோம். "இதுல ஜெயிச்சா நாளைக்கே வேலை, மாமி. இல்லேன்னா பம்பாயிலேர்ந்து ஆள் எடுக்கணும்னு முதலாளி சொல்றார்," என்றார் கோசி.

மணியடித்தது. இரைச்சலுக்கு நடுவில் ஒரு ஆண் குரல். கோசி என் கையில் ரிஸீவரைக் கொடுத்துப் பாதிரியாரின் சேதித் தாளை முன்னால் வைத்தார். உறைய வைத்த கணவாய் இத்தனை டன், அட்டைப் பெட்டி, கப்பல் சனிக்கிழமை கிளம்புகிறது. அவ்வளவுதான் சேதி. நான் மேசையில் தட்டித் தட்டி, மன்னி சொல்லித் தந்தபடி அட்சரம் பிசகாமல் வாசித்தேன்.

"கோமோ?" என்றது அந்தக் குரல். புரியவில்லை என்கிறார் என்றார் கோசி. மறுபடி வாசித்தேன், இன்னும் அழுத்தி. "கோமோ? கோமோ?" மூன்றாம் தடவை கத்தியே வாசித்தேன். அந்த மனுஷன் பொறுமை போய் என்னவோ படபடவென்று பொரிந்தார். கோசி கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிஸீவருக்குக் கை நீட்டினார். என் அறை, என் தாழ்ப்பாள் எல்லாம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. நான் ரிஸீவரை விடவில்லை.

அப்போதுதான் எமிலியோ புரிந்த வரைக்கும் திருப்பிச் சொன்னார். "கார்த்தோன், ஸீ. ஸாபதோ, ஸீ." அட்டை, சரி. சனிக்கிழமை, சரி. அந்த இரண்டு மட்டும் எப்படிப் புரிந்தது? தாளைப் பார்த்தேன். அந்த இரண்டு வார்த்தைக்கும்தான் எழுத்தின் தலையில் கோடு இருந்தது. கோடு போட்டதைக் கண்ணால் பார்த்துத் தட்டினேன். மற்றதையெல்லாம் மன்னியின் விதிப்படி தட்டினேன். கண்ணால் பார்த்தது எல்லாம் சரி, மன்னி சொன்னது எல்லாம் தப்பு.

"தொ-நெ-லா-தாஸ்?" என்று ஊகித்துக் கேட்டார் எமிலியோ. இடி லாவில் விழுந்தது. கடைசிக்கு முந்தினதில்.

தலைகீழாகச் சொல்லித் தந்திருக்கிறாள். கடைசியில் வர வேண்டியதை முந்தினதிலும், முந்தினதில் வர வேண்டியதைக் கடைசியிலும் மாற்றி, என் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, பேஷ் வேறு சொல்லியிருக்கிறாள். பி.ஏ. படித்த ராட்சஸி! எனக்கு வந்த கோபத்தில் பயமெல்லாம் ஓடிப்போயிற்று.

"இருங்கோ," என்றேன் தமிழிலேயே, ஸ்பெயின்காரரிடம். தாளை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். கோடில்லாத வார்த்தைகளின் இடியையெல்லாம் ஒரு அசை முன்னால் நகர்த்தினேன். "ஸேப்யா!" மேசையில் ஒரு அடி. "கோன்-ஹெ-லா-தா!" இன்னொன்று. "தொ-நெ-லா-தாஸ்! பார்கோ!" ஒவ்வொரு அடியும் மன்னியின் கன்னத்தில் விழுவதாக நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை. மசிப்புட்டி உருண்டது. மறுமுனையில் "ஸீ! ஸீ!" என்று உற்சாகமாகக் கத்தினார் எமிலியோ. கடைசி வரியில் வாய்விட்டுச் சிரித்தார்.

"மாமி, மேசை போகும்," என்றார் கோசி. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வந்துடுங்கோ. ஹாஸ்டல்ல இன்னிக்கே போன் பண்ணிச் சொல்றேன்."

வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. மன்னி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னாச்சு?"

"கிடைச்சுடுத்து."

அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. "மாத்திச் சொல்லிக் குடுத்திருக்கேள். முழுசா, தலைகீழா."

"எதையாவது தப்பாப் படிச்சிருப்பேன்."

"பேப்பரைப் படிச்சு ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்றவளுக்கு இது மட்டும் தப்பாப் போச்சாக்கும்! நீங்கோ நன்னா இருப்பேளா?"

பாங்கிலிருந்து வந்த அண்ணா செருப்பைக் கழற்றும்போதே சங்கதியைக் கேட்டார். யார் யாருக்கு என்ன சொல்லித் தந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாம். "மீன் கம்பெனிக்கு என் தங்கையா? நான் தெருவில தலை காட்ட வேண்டாமா?" என்று ஆரம்பித்தார். நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதில் அவர் கோபம் ஏறிற்று. வாசலுக்கே வந்து, தெருவே கேட்கும்படி கத்தினார். "கேட்டுக்கோ! அந்தக் கம்பெனிப் படியேறினவ என் அடுக்களைல கால் வெக்கப்படாது. ஒரு பாத்திரத்தைத் தொடப்படாது. தீட்டு! தெரியறதா?"

எங்களவர்களில் ஒரு பெண்ணை இதைவிடப் பெரிதாகத் தண்டிக்க முடியாது. நான் காலில் விழுவேன், வேலையை வேண்டாம் என்பேன் என்று நினைத்தார். எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது.

"சரி அண்ணா. தொடலை," என்றேன்.

அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணா என்னைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெருவே கேட்கச் சொன்ன வார்த்தை, திருப்பி விழுங்க முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

நான் கொல்லைப்புறத்து அறையில் என் பெட்டியை எடுத்துப் புடைவைகளை அடுக்கினேன். மன்னி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"இப்பவே போறியா?"

"சமையலுக்கு ஆள் போறதேன்னுதானே இப்படிப் பண்ணினேள்? இனிமே நீங்களே அரைச்சுக்கோங்கோ, நீங்களே கரைச்சுக்கோங்கோ."

"சமையலா?" என்று சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "நீ பம்பாயிலேர்ந்து வரதுக்கு முன்னாடி இந்த ஆத்துல யார் சமைச்சான்னு என்னிக்காவது கேட்டிருக்கியா?" காதோரத்து மயிரை ஒதுக்கினாள். நெற்றிப்பொட்டுக்கு மேலே, மயிருக்குள், ஒரு நீளத் தழும்பு. "கரண்டி. ரசம் ஆறிப்போச்சுன்னு."

அந்தத் தழும்பை நான் அன்றுவரை பார்த்ததில்லை.

"நீ கூடப் பிறந்தவள். உன்மேலே கை வெக்க மாட்டார், கத்துவார், அதோட சரி. நீ வந்ததுலேர்ந்து எல்லாம் உன்மேலே போயிடறது. என்னை விட்டுட்டார். நீ போயிட்டா?" பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீ போயிட்டா என்ன ஆகும்னு சொல்லு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக என்னை முன்னால் நிறுத்தி வைத்து, பின்னால் உட்கார்ந்து பத்திரிகை படித்திருக்கிறாள்.

"இதை வாய் விட்டுச் சொல்லியிருக்கலாமே, மன்னி."

"சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நின்னிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லலை," என்றாள்.

பெட்டியை மூடினேன். கூடத்தைத் தாண்டும்போது அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாசற்படியிறங்கித் தெருவில் கால் வைத்தபோது மன்னி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஜெயா! காப்பி எங்கேடி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றேன். என்னவோ பேச்சுக் கேட்டது, பிறகு டபரா ஒன்று சுவரில் மோதி உருண்டது. எதிர் வீட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நான் ஃபோர்ட் கொச்சிப் பக்கம் நடந்தேன்.